பள்ளிபாளையம் பாலத்திலிருந்து ஸ்கூபா கடைக்கு எத்தனை கிலோமீட்டர்?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஈரோடு - பள்ளிபாளையம் காவிரிப் பாலத்துல கொஞ்ச நேரம் நின்னு பாருங்க. மேட்டூர்ல தண்ணி திறந்துவிட்ட மாசமா இருந்தா, பைக்கை ஓரங்கட்டிட்டு செல்ஃபி எடுக்கிற கூட்டம் கண்டிப்பா இருக்கும். அப்படி ஒரு நாள்லதான் விசைத்தறிக் குடும்பத்துப் பையனான என் நண்பன் ஒருத்தன் மொபைலை நீட்டினான். அந்தமான் ஹேவ்லாக் தீவுல எடுத்த ரீல். நீலத் தண்ணி, மஞ்சள் மீன், தம்ஸ்-அப் காட்டுற ஒரு பொண்ணு. "ஏன்டா, இவ்ளோ பெரிய ஆறு கண்ணு முன்னாடி ஓடுது. நாம ஏன் இதைக் கத்துக்க முடியலை?"

சிரிச்சேன். காவிரியில் மீன் தெரியுறது இருக்கட்டும், சாயத்தண்ணியும் ஆகாயத்தாமரையும் கலந்த பிறகு முழங்காலுக்குக் கீழே நம்ம காலே நமக்குத் தெரியாது. ஆனா வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி போகலை. கடல் இல்லாததுதான் காரணமா? அப்படின்னா பெங்களூருல மட்டும் எப்படி ஸ்கூபா கடையும் பயிற்சி நிறுவனமும் இருக்கு? அங்கேயும்தான் கடல் இல்லை.

கண்ணாடி கிடைக்கும், காத்து கிடைக்காது

முதல்ல ஒரு விஷயம். ஸ்கூபா பொருள் எதுவும் நம்ம ஊருக்கு வராது என்பது இப்போ பழைய கதை. முகக் கண்ணாடி, ஸ்நார்கெல் குழாய், காலில் மாட்டும் துடுப்பு எல்லாம் டெகாத்லான் மாதிரி கடைகளிலேயே இருக்கு, ஆன்லைன்ல போட்டா வீட்டுக்கே வந்துடும். கொஞ்சம் கூடுதலா செலவு பண்ணினா ரெகுலேட்டர், பி.சி.டி. எனப்படும் மிதவை ஜாக்கெட், டைவ் கம்ப்யூட்டர்கூட இந்திய விற்பனையாளர்களிடம் வாங்கலாம். பெரும்பாலும் இறக்குமதிச் சரக்கு என்பதால், முழு செட் சேர்த்தா பில் ஒரு லட்சத்தைத் தொட்டுடும். பணம் இருந்தா பள்ளிபாளையம் சந்துக்குள்ளேயும் டெலிவரி ஆகும்.

டெலிவரி ஆகாதது ஒண்ணே ஒண்ணுதான்: காத்து.

முதுகில் மாட்டுற சிலிண்டரை நிறைய பேர் 'ஆக்சிஜன் சிலிண்டர்'னு சொல்றாங்க. செய்தி சேனல்களும் அப்படித்தான் சொல்லுது. உள்ளே இருப்பது நாம் இப்போ சுவாசிக்கிற அதே சாதாரணக் காத்து, அழுத்தி அடைச்சது. சுத்தமான ஆக்சிஜனோட 6 மீட்டருக்குக் கீழே போனா வலிப்பே வரலாம், அவ்வளவு ஆபத்து. வழக்கமான ஒரு சிலிண்டரின் கொள்ளளவு சுமார் 11 லிட்டர்தான். அதுக்குள்ள 200 பார் அழுத்தத்தில் ஏறத்தாழ 2,200 லிட்டர் காத்தை அடைக்கிறாங்க. 10 மீட்டர் ஆழத்துல நீங்க இழுக்கிற ஒவ்வொரு மூச்சுக்கும் மேலே ஆகுறதைவிட ரெண்டு மடங்கு காத்து செலவாகும், 20 மீட்டர்ல மூணு மடங்கு. அதனாலதான் முழு சிலிண்டரும் முக்கால் மணி நேரத்துக்கு மேல பெரும்பாலும் தாங்குறதில்லை.

அடுத்து நண்பன் கேட்டது, நீங்களும் கேட்கப்போறதுதான்: "நம்ம பஞ்சர் கடை கம்ப்ரஸர்ல அடிச்சுக்க முடியாதா?" முடியாது. கார் டயருக்கு அடிக்கிறது 32 பி.எஸ்.ஐ. சுமார். ஸ்கூபா சிலிண்டருக்குத் தேவை ஏறத்தாழ 2,900 பி.எஸ்.ஐ., 90 மடங்கு. பஞ்சர் கடை மெஷினால அந்த அழுத்தத்தை நெருங்கக்கூட முடியாது. அப்படியே முடிஞ்சாலும், அந்தக் காத்துல எண்ணெய்ப் புகையும் கார்பன் மோனாக்சைடும் கலந்திருந்தா டயருக்கு ஒண்ணும் ஆகாது, நமக்கு ஆகும். மூச்சுக் காத்துக்கான கம்ப்ரஸர் தனி ரகம். ஃபில்டர் தனி, பராமரிப்பு தனி.

அதோட சட்டமும் இருக்கு. இந்தியாவில் அழுத்தமேற்றிய சிலிண்டர்கள் 'வாயு சிலிண்டர் விதிகள் 2016'-க்குள் வருது. நாக்பூரைத் தலைமையிடமா கொண்ட பெசோ என்ற மத்திய அமைப்புதான் இதைக் கவனிக்குது. சிலிண்டரை இறக்குமதி செய்யவும், நிரப்பவும், குறிப்பிட்ட ஆண்டுக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனை செய்யவும் முறைகள் உண்டு. 200 பார் அழுத்தத்தில் ஒரு இரும்புக் குடுவை வெடிச்சா என்ன ஆகும்னு யோசிச்சா, இந்தக் கெடுபிடி தப்பில்லைன்னு புரியும். ஆனா விளைவு என்னன்னா, வாரத்துக்கு நாலு பேர் மட்டும் காத்து நிரப்ப வர்ற ஊர்ல யாரும் இந்த மெஷினைப் போட்டு, லைசென்ஸ் எடுத்து, கடையைத் திறக்க மாட்டாங்க.

அதனால ஒரு ஊர்ல ஸ்கூபா இருக்கா இல்லையான்னு பார்க்கணும்னா, கண்ணாடி விக்கிற கடையைத் தேடக்கூடாது. காத்து நிரப்புற இடம் எங்கே இருக்குன்னு பார்க்கணும்.

21 சதுர கிலோமீட்டர்ல எத்தனை கடை!

தாய்லாந்தில் கோ தாவ்னு ஒரு தீவு. மொத்தப் பரப்பே சுமார் 21 சதுர கிலோமீட்டர். அதுக்குள்ள டஜன் கணக்குல ஸ்கூபா கடைகள். உலகத்துல அதிகம் பேர் முதல் ஸ்கூபா சான்றிதழ் வாங்குற இடங்கள்ல அது ஒண்ணு. போட்டி அதிகம், அதனால விலை குறைவு, அதனால கூட்டம் அதிகம், அதனால இன்னும் கடைகள். எகிப்தின் செங்கடல் கரையில் தஹாப்பிலும் இதே கதைதான்.

நமக்குக் கிட்ட வாங்க. இலங்கையில் திருகோணமலை, நிலாவெளி, மட்டக்களப்பு பக்கம் டைவ் கடைகள் இருக்கு. மட்டக்களப்புக்கு வெளியே கடலடியில் 50 மீட்டருக்கும் மேலான ஆழத்தில் ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானம் தாங்கிக் கப்பல் கிடக்கு. 1942 ஏப்ரல் 9-ல் ஜப்பான் விமானங்கள் மூழ்கடிச்சது. சாதாரண டைவர்களுக்கான எல்லை 40 மீட்டர்தான் என்பதால், அதைப் பார்க்கத் தனிப் பயிற்சி வேணும். அதுக்காகவே ஐரோப்பாவிலிருந்து ஆள் வர்றாங்க.

தமிழ்நாட்டுப் பக்கம்னா முதல்ல ஞாபகம் வர்றது புதுச்சேரிதான். அங்கே கடலுக்குள்ளே 'டெம்பிள் ரீஃப்'னு ஒரு செயற்கைத் திட்டையே உண்டாக்கியிருக்காங்க. சென்னை நீலாங்கரை கடலில் 2021 பிப்ரவரியில் ஒரு ஐ.டி. ஜோடி 60 அடி ஆழத்தில் மாலை மாத்திக்கிட்டது வைரலாச்சே, அதுக்குப் பின்னாலும் புதுச்சேரிப் பயிற்சியாளர் இருந்தார். பள்ளிபாளையத்திலிருந்து புதுச்சேரிக்கு சேலம் வழியா சுமார் 270 கிலோமீட்டர். ஆகக் கிட்டத்துல காத்து நிரப்புற இடங்கள்ல அது ஒண்ணு.

பெங்களூரு மேட்டரைச் சொல்றேன்னேனே. அங்கே கடல் இல்லை, ஆனா மாசச் சம்பளம் இருக்கு, அப்பார்ட்மென்ட் நீச்சல் குளம் இருக்கு, வார இறுதி இருக்கு. குளத்துல பாடம், அப்புறம் ராத்திரி பஸ் ஏறி முருடேஷ்வர் பக்கம் நேத்ராணி தீவுக்கோ புதுச்சேரிக்கோ போய்க் கடலில் டெஸ்ட். வாடிக்கையாளர் எங்கே இருக்காரோ அங்கே கடை வருது. மீன் எங்கே இருக்குன்னு கடைக்காரர் பார்க்கிறதில்லை.

தூத்துக்குடி இதுக்கு நேர் எதிர். நூற்றாண்டுகளா முத்துக்குளிச்ச கரை அது. அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961-ல் முடிஞ்சது. இன்னைக்கும் சங்கு எடுக்கக் கடலுக்குள்ள இறங்குறவங்க இருக்காங்க. அந்தச் சங்குதான் மேற்கு வங்கத்துக்குப் போய்க் கல்யாணமான பெண்களின் கையில் வளையலா மாறுது. படகுல ஒரு கம்ப்ரஸர், அதிலிருந்து ஒரு டியூப், வாயில கடிச்சுக்கிட்டு இறங்குறதுதான் அங்கே பலருக்கும் 'ஸ்கூபா'. ஆழம் காட்டும் கருவி கிடையாது, சான்றிதழ் கிடையாது. ரொம்ப நேரம் ஆழத்துல இருந்துட்டு வேகமா மேலே வந்தா ரத்தத்துல நைட்ரஜன் குமிழ் கட்டி மூட்டெல்லாம் வலிக்கும்; கை கால் விளங்காமலும் போகலாம். ரீல்ஸ்ல தம்ஸ்-அப் காட்டுறவங்க இடுப்புல கட்டியிருக்கிற எடையைக்கூட இன்னொருத்தர் மாட்டிவிடுறார். பொழப்புக்காகத் தினமும் இறங்குறவருக்கு அடிப்படைக் கருவியே எட்டாத தூரத்துல இருக்கு.

குவாரியில ஒரு ஸ்கூபா கடை

எனக்கு இந்த விஷயத்துல ரொம்பப் பிடிச்ச இடம் மாலத்தீவு இல்லை. இங்கிலாந்தின் நட்டநடுவில், லெஸ்டர்ஷயர்ல இருக்கிற ஸ்டோனி கோவ். அது ஒரு பழைய கருங்கல் குவாரி. 1958-ல் வேலை நின்னதும் ஊத்துத் தண்ணி நிரம்பிடுச்சு. அதையே டைவிங் மையமா மாத்திட்டாங்க. சுமார் 35 மீட்டர் ஆழம் வரைக்கும் படிப்படியா தளங்கள், உள்ளே மூழ்கடிச்சு வெச்ச கப்பல், விமானத்தின் முன்பகுதி. கரையில் கடை, பயிற்சிக்கூடம், காத்து நிரப்புற இடம். தண்ணி ஐஸ் மாதிரி இருக்கும், பவளப்பாறை ஒண்ணும் கிடையாது. ஆனாலும் வார இறுதியில் கூட்டம்.

சங்ககிரி, நாமக்கல் பக்கம் கைவிடப்பட்ட கல்குவாரியில் மழைத்தண்ணி நிக்கிறதை நாம பார்க்காததா? அங்கே இருக்கிறது 'ஆழமான பகுதி, குளிக்காதீர்' என்ற போர்டு. சில இடத்துல அதுவும் இல்லை. லீவு விட்டா யாராவது ஒரு பையன் பேர் பேப்பர்ல வரும். (நீங்க போய் இறங்கிடாதீங்க. ஸ்டோனி கோவ்ல சரிவு எங்கே, கம்பி எங்கேன்னு ஒவ்வொரு அடியும் தெரிஞ்சு வெச்சிருக்காங்க. இங்கே யாருக்கும் தெரியாது.)

அந்த ஊர்ல இதைச் சாத்தியமாக்கினதுல பெரிய பங்கு கிளப்புகளுக்கு. 1953-ல் தொடங்கின பிரிட்டிஷ் சப்-அக்வா கிளப்புக்கு நாடு முழுக்கக் கிளைகள். உள்ளூர் நீச்சல் குளத்துல வாரத்துல ஒரு சாயங்காலம் பயிற்சி, சொல்லித் தர்றவங்க தன்னார்வலர்கள், கருவிகள் கிளப்புக்குப் பொதுவா இருக்கும். எல்லாரும் லட்ச ரூபாய் செட் வாங்கத் தேவையில்லை. மெக்கானிக், டீச்சர், ஃபயர்மேன் எல்லாரும் டைவர் ஆகலாம்.

இது வெறும் பொழுதுபோக்குதானேன்னு தோணுதா? 2018 ஜூன், தாய்லாந்தின் தாம் லுவாங் குகை. கால்பந்துப் பசங்க 12 பேரும் கோச்சும் வெள்ளத்துல மாட்டிக்கிட்டாங்க. ஜூலை 2-ம் தேதி அவங்களை முதல்ல கண்டுபிடிச்ச ரெண்டு பேர் ரிக் ஸ்டான்டன், ஜான் வொலந்தன். ராணுவம் இல்லை, கடற்படை இல்லை. ஸ்டான்டன் கவென்ட்ரியில் ஃபயர்மேனா இருந்து ரிட்டயர் ஆனவர். வொலந்தன் ஐ.டி. ஆள். வார இறுதியில் குகைக்குள்ள டைவ் அடிக்கிறது அவங்க ஹாபி. பசங்களை மயக்கமருந்து கொடுத்து வெளியே கொண்டுவர உதவின டாக்டர் ரிச்சர்ட் ஹாரிஸும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஹாபி டைவர்தான். உள்ளே சிலிண்டர்களைக் கொண்டுபோய் வெச்ச சமன் குனான் என்ற முன்னாள் தாய் கடற்படை வீரர், காத்து தீர்ந்து தன் உயிரைக் கொடுத்தார்.

கவென்ட்ரியும் கடற்கரை ஊர் இல்லை, கவனிச்சீங்களா?

சட்லெஜ், கங்காவளி, காவிரி

நம்ம ஊருக்கு வருவோம். 2024 பிப்ரவரியில் ஹிமாச்சலில் சைதை துரைசாமியின் மகன் வெற்றி போன கார் சட்லெஜ் ஆத்துல விழுந்தது. ஒரு வாரத்துக்கும் மேல தேடல். பெரிய பெரிய படைகள் எல்லாம் இறங்கின அந்தத் தேடலில், கடைசியில் உடலைக் கண்டெடுத்தது மஹுன் நாக் என்ற உள்ளூர் டைவர்கள் சங்கத்தினர்.

அதே வருஷம் ஜூலை 16. கர்நாடகாவின் ஷிரூரில் நிலச்சரிவு. கோழிக்கோட்டு லாரி டிரைவர் அர்ஜுனைத் தேடி கங்காவளி ஆத்துல இறங்கினவங்கள்ல ஒருத்தர் உடுப்பி மல்பேயைச் சேர்ந்த ஈஸ்வர் மல்பே என்ற தனியார் டைவர். நீரோட்டம் விடலை, செப்டம்பர் 25-ல்தான் லாரி கிடைச்சது. அந்த நிலச்சரிவுல தமிழ்நாட்டு டேங்கர் லாரி டிரைவர்களும் போயிட்டாங்க. டேங்கர் லாரின்னா எந்த மாவட்டம்னு உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

காவிரியில் யாராவது மூழ்கினா பள்ளிபாளையத்தில் என்ன நடக்கும்? தீயணைப்பு நிலையத்துக்கு போன். அவங்க வருவாங்க. கூடவே பரிசல்காரர்களும் ஆத்துல மீன் பிடிக்கிறவங்களும் இறங்குவாங்க. மூச்சைப் பிடிச்சுக்கிட்டு முங்கி, கையால தடவித் தேடுவாங்க. ஒரு மூச்சுக்கு ஒரு நிமிஷம், மிஞ்சிப்போனா ரெண்டு. பாலத்து மேல சொந்தக்காரங்க அழுதுக்கிட்டு நிப்பாங்க. இதுல அந்த மனுஷங்களைக் குறை சொல்ல ஒண்ணுமே இல்லை. கண்ணு தெரியாத தண்ணியில, கருவி இல்லாம, பெரும்பாலும் கூலிகூட இல்லாம இறங்குறவங்க அவங்க.

இந்தியாவில் 2022-ல் மட்டும் 38 ஆயிரத்துக்கும் மேற்பட்டவங்க நீரில் மூழ்கி இறந்ததா தேசிய குற்ற ஆவணக் காப்பகம் சொல்லுது. ஸ்கூபா கத்துக்கிட்டா இதெல்லாம் குறைஞ்சிடும்னு சொல்ல வரலை. மூழ்கினவர் நாலஞ்சு நிமிஷத்துக்கு மேல தாங்க மாட்டார். சிலிண்டர் மாட்டிக்கிட்டு வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும். உயிரைக் காப்பாத்துறது நீச்சலும், கயிறும், கரையில் நிக்கிற லைஃப் ஜாக்கெட்டும்தான். ஆனா உடலையாவது சீக்கிரம் கையில கொடுக்கிறது ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு பெரிய விஷயம்னு அந்தப் பாலத்துல ஒரு தடவை நின்னவங்களுக்குத் தெரியும். தேடுறவர் உயிரோட திரும்புறதும் முக்கியம். ஓடுற ஆத்துல டைவ் பண்றது ரீல்ஸ் டைவ் இல்லை. கயிறு பிடிக்க ஆள், மாற்று டைவர், சைகை மொழி எல்லாம் வேணும். அதுக்கு ஆள் எங்கிருந்து வரும்? ஏற்கெனவே நூறு பேர் பொழுதுபோக்கா கத்துக்கிட்ட ஊர்ல, அதுல நாலு பேராவது வருவாங்க. யாருமே கத்துக்காத ஊர்ல யாரும் வரமாட்டாங்க.

புதுசா எல்லாம் கண்டுபிடிக்கவும் வேண்டியதில்லை. தீப்பிடிச்ச கட்டடத்துக்குள்ள போறப்போ தீயணைப்பு வீரர் முதுகில் மாட்டுற சிலிண்டரும் இதே குடும்பம்தான். அதை நிரப்புறதும் மூச்சுக் காத்துக்கான உயர் அழுத்த கம்ப்ரஸர்தான். காவிரிக் கரையில் மேட்டூர், பவானி, பள்ளிபாளையம், பரமத்திவேலூர்னு வரிசையா ஊர்கள். இத்தனை ஊருக்கும் நடுவுல ஒரே ஒரு இடத்துல கம்ப்ரஸரும், பத்து செட் கருவியும், பயிற்சி எடுத்த பரிசல்காரர்களும் இருந்தா? ஒரு பெரிய தறிப் பட்டறைக்குப் போடுற முதலைவிட இதுக்கு அதிகமா ஆகாதுன்னுதான் எனக்குத் தோணுது.

சரி, செலவு எவ்ளோ?

ரெண்டு விதம். 'ட்ரை டைவ்' என்பது பயிற்சியாளர் உங்க சிலிண்டரைப் பிடிச்சுக்கிட்டே கூட்டிட்டுப் போறது. நீச்சல் தெரியணும்னு இல்லை, 12 மீட்டருக்கு மேல ஆழம் போக மாட்டாங்க. மகாராஷ்டிராவின் மால்வணில் ஆயிரம், ரெண்டாயிரத்துக்கே கிடைக்கும். சில நிமிஷத்துல மேலே கொண்டுவந்துடுவாங்க. புதுச்சேரி, அந்தமான்ல கூடும்.

உண்மையான சான்றிதழ் வேணும்னா 'ஓப்பன் வாட்டர்' கோர்ஸ். மூணு நாலு நாள், 18 மீட்டர் வரைக்கும் அனுமதி. 10 வயசிலேயே சேரலாம். 200 மீட்டர் நீந்தணும், 10 நிமிஷம் மிதக்கணும். கிணத்துல நீச்சல் பழகின கொங்குப் பசங்களுக்கு இது ஒரு மேட்டரே இல்லை! செலவுதான் மேட்டர்: இடத்தைப் பொறுத்து 25 ஆயிரத்திலிருந்து 40 ஆயிரம் வரை, பஸ், ரூம் தனி. தறி ஓட்டுறவருக்கு ஒரு மாசச் சம்பளத்துக்கும் மேல. என் நண்பன் கணக்குப் போட்டுப் பார்த்துட்டு, "தீபாவளி போனஸ்ல பாதி"ன்னான்.

போறதா இருந்தா கடையில் சில கேள்வி கேளுங்க. உங்களுக்கு சொல்லித்தர்றவருக்கு எந்த அமைப்பின் சான்றிதழ், அது இன்னும் செல்லுபடியாகுதா? ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பேர்? படகுல அவசர ஆக்சிஜன் இருக்கா? (இது நிஜ ஆக்சிஜன், முதலுதவிக்கு.) மெடிக்கல் ஃபார்ம் கொடுக்காம நேரா தண்ணியில இறக்குற கடைன்னா திரும்பி வந்துடுங்க. ஆஸ்துமா, வலிப்பு, காதுப் பிரச்னை, இதய நோய் இருந்தா மறைக்காதீங்க, டாக்டரைப் பார்த்துட்டுப் போங்க. சளி பிடிச்சிருந்தா அன்னைக்கு வேண்டாம். காது அடைச்சுக்கிட்டா ஆழத்துல வலி உயிர்போகும்.

இன்னொண்ணு. தண்ணியில நடக்கிற எல்லா விபத்தையும் 'ஸ்கூபா விபத்து'ன்னு போடுற பழக்கத்தையும் நம்பாதீங்க. 2025 செப்டம்பரில் அசாம் பாடகர் ஜுபீன் கார்க் சிங்கப்பூரில் இறந்தப்போ முதல் நாள் செய்தியெல்லாம் அப்படித்தான் வந்தது. அவர் நீந்தும்போது மூழ்கினார் என்பது பிறகுதான் தெரிஞ்சது.

டைவ் முடிச்ச கையோட 18 மணி நேரத்துக்கு விமானம் ஏறக்கூடாது என்பது எல்லா கடையிலும் சொல்வாங்க. மலை ஏறுறதும் அதே கணக்குதான், அதைப் பலர் சொல்ல மறந்துடுவாங்க. உடம்புல மிச்சமிருக்கிற நைட்ரஜனுக்கு உயரம் ஆகாது. அதனால புதுச்சேரியிலிருந்து திரும்பும்போது, சேலம் வந்தாச்சே, அப்படியே ஏற்காடு ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்னு யாராவது பிளான் போட்டா, அன்னைக்கு வேண்டாம்னு சொல்லிடுங்க. நேரா பள்ளிபாளையம் பஸ்ஸைப் பிடிங்க.